குவாய் நதிப் பாலமும் கிழிந்த பூட்ஸும்

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை இதுவரை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை பாலம் வெடிப்பதற்காக. ரெண்டாவது தடவை அலெக் கின்னஸின் நடிப்புக்காக. மூன்றாவது தடவை போன வாரம். இந்த முறை ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனிப்பது என்று முடிவு பண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன்: இந்தப் படத்தில் யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள்?

கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் வெப்பமண்டலப் போர்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்துக்கொண்டிருப்பதில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம் உண்டு. அந்தக் காடுகளில் குண்டு பட்டுச் செத்தவர்களைவிட நோய் வந்து விழுந்தவர்கள்தான் பல மடங்கு. அதனால் ஒரு சிப்பாயின் காலில் பூட்ஸ் இருக்கிறதா, முழங்காலுக்குக் கீழே துணி இருக்கிறதா என்பதெல்லாம் அலங்காரச் சமாச்சாரம் இல்லை, உயிர்ச் சமாச்சாரம். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தப் படம் வேறு மாதிரித் தெரிகிறது. சில இடங்களில் நான் நினைத்ததைவிட நல்ல படம். ஒரு முக்கியமான இடத்தில், நான் நினைத்ததைவிட மோசமான படம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

படம் வெளிவந்தது 1957-இல். பியர் பூல் 1952-இல் பிரெஞ்சில் எழுதிய நாவல்தான் மூலக்கதை. இயக்கம் டேவிட் லீன். படத்துக்கு ஏழு ஆஸ்கர். கதை நடப்பது சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில். பாலம் கட்டிப் படம் எடுத்ததோ இலங்கையில், கித்துல்கல என்ற ஊரில், களனி ஆற்றின் மேல். ஆரம்பத்திலேயே அந்தப் பிரபலமான காட்சி வந்துவிடும். பிரிட்டிஷ் போர்க்கைதிகள் விசிலடித்துக்கொண்டே முகாமுக்குள் அணிவகுத்து வருகிறார்கள். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த விசில்தான். இந்தத் தடவை நான் காலைப் பார்த்தேன். பூட்ஸ் பிய்ந்து, அடித்தோல் ஆ என்று வாயைப் பிளந்து நிற்கிறது. அந்தக் காலோடுதான் தாளம் தப்பாமல் தரையை மிதிக்கிறார்கள். தோற்ற பட்டாளம், ஆனால் உடையாத பட்டாளம் என்பதை வசனமே இல்லாமல் பூட்ஸை வைத்தே சொல்லிவிட்டார் லீன். இது அசல் சினிமா.

அந்தச் சிப்பாய்கள் போட்டிருப்பது காக்கி டிரில் என்ற பருத்தித் துணி. 'காக்கி' என்ற சொல்லே பாரசீகத்தில் புழுதி, மண் என்ற பொருள் தரும் 'காக்' என்பதிலிருந்து வந்தது. 1840-களின் பின்பாதியில் பெஷாவர் பக்கம் ஹாரி லம்ஸ்டன் உருவாக்கிய 'கைட்ஸ்' படைதான் இந்த நிறத்தை முதலில் உடுத்தியது என்பார்கள். வறண்ட மலைக்கும் புழுதிக்கும் ஏற்ற நிறம். அதே துணியைப் பிறகு மலேயாக் காட்டுக்கும் கொடுத்தார்கள். பச்சைக்கு நடுவில் மஞ்சளாக ஒருவன் நின்றால் எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கூடவே அரைக்கால்சட்டை. அதில் ஒரு வகைக்கு 'பாம்பே புளூமர்ஸ்' என்று கேலிப்பெயர். கீழ்மடிப்பை அகலமாக வைத்துத் தைத்திருப்பார்கள். பகலில் மடித்துப் பொத்தான் போட்டுக்கொள்ளலாம், ராத்திரி கொசு கடிக்காமல் இருக்க இறக்கிவிட்டுக்கொள்ளலாம். யோசனை நல்லதுதான். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நடந்தவனைப் பார்த்தால் எதிரிக்கே சிரிப்பு வந்திருக்கும்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் வெப்பமண்டலத்தில் சிப்பாய்க்கு என்ன உடுத்துவது என்ற கேள்விக்கு ஐரோப்பியப் படைகள் நூறு வருஷத்துக்கும் மேலாகத் தப்பான பதிலையே சொல்லிக்கொண்டிருந்தன. அவர்கள் பயந்தது வெயிலுக்கு. சூரியனிலிருந்து வரும் ஏதோ ஒரு கதிர் வெள்ளைக்காரனின் மண்டையையும் முதுகுத்தண்டையும் துளைத்து நரம்பைக் கெடுத்துவிடும் என்று மருத்துவர்களே நம்பினார்கள். அதனால் தலைக்கு சோலா தொப்பி. முதுகுக்கு, சட்டையின் பின்பக்கம் பொத்தான் போட்டு மாட்டும் பஞ்சுத் திண்டு. வயிற்றுக்குக் கம்பளித் துணியில் ஒரு பட்டை. அதற்குப் பெயரே 'காலரா பெல்ட்'. வயிறு குளிர்ந்தால் காலரா வரும் என்று நம்பிக்கை. காலரா நீர்வழி பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ 1854-இலேயே காட்டிவிட்டார். 1883–84-இல் எகிப்திலும் கல்கத்தாவிலும் ராபர்ட் கோக் அந்தக் கிருமியையே பிடித்துக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் அந்தப் பட்டை சிப்பாய்களின் இடுப்பை விட்டு இறங்கப் பல வருஷம் ஆனது. உத்தரவு ஒருமுறை தைக்கப்பட்டுவிட்டால் பிரிப்பது கஷ்டம்.

சோலா தொப்பி என்றதும் அது 'சோலார்', சூரியன் சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் 'சோலா' என்பது சதுப்பில் வளரும் ஒரு செடி. நம் ஊரில் அதற்குப் பெயர் நெட்டி. தஞ்சாவூரில் பெரிய கோயிலைக் குட்டியாகச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்களே, அதே நெட்டிதான். பொம்மை செய்யும் அந்த வெள்ளைத் தக்கையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் ஒரு சாம்ராஜ்யம் வெயிலோடு சண்டை போட்டது. மழையில் நனைந்தால் அது ஊறிப்போய் உருக்குலையும். காட்டுக்கொடியில் மாட்டிக்கொள்ளும். ரெண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் அதைக் கைவிட்டார்கள்.

நிஜ எதிரி வெயில் இல்லை, கொசு. இதை உடுப்பில் ஏற்றியது பர்மா களம். 1943-இல் வில்லியம் ஸ்லிம் பதினான்காம் படையின் பொறுப்பை எடுத்துக்கொண்டபோது இருந்த நிலைமையை அவரே தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். காயம்பட்டு ஒருவன் பின்னால் அனுப்பப்பட்டால், நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா மட்டுமே ஒரு வருஷத்தில் படையின் மொத்த எண்ணிக்கையில் 84 சதவீதம். அதற்கு அவர் கண்ட வழியில் வீரம் ஒன்றும் இல்லை. பொழுது சாய்ந்தால் சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும், காலை மூடியிருக்க வேண்டும், தினமும் மெப்பாக்ரின் மாத்திரை. தின்றால் தோல் மஞ்சளாகிவிடும், ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு. ஸ்லிம் திடீர் ரத்தப் பரிசோதனை வைத்தார். மாத்திரை சாப்பிட்டவர்கள் 95 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்த அணியின் தளபதியின் வேலை காலி. மூன்று பேரை நீக்கியதே போதுமானதாக இருந்ததாம். காக்கியைப் பச்சைச் சாயத்தில் முக்கினார்கள், பிறகு பச்சையாகவே தைத்தார்கள். நெட்டித் தொப்பி போய், மடித்துப் பையில் திணிக்கக்கூடிய அகல விளிம்புத் தொப்பி வந்தது. 1945-இல் நோய் எண்ணிக்கை நாளுக்கு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

குவாய் படத்தில் பாலத்தைத் தகர்க்கக் காட்டுக்குள் போகும் குழுவின் வேஷம் இந்த இரண்டாவது காலத்தைச் சேர்ந்தது. கைதிகள் முதல் காலத்தின் காக்கியில், கமாண்டோக்கள் புதிய பச்சையில். ஒரே படத்துக்குள் ஒரு படை தோற்ற உடையையும் அது ஜெயிக்கக் கற்றுக்கொண்ட உடையையும் பார்க்கலாம். லீன் இதை வேண்டுமென்றே செய்தாரோ இல்லையோ, படம் நமக்கு அதைக் கொடுக்கிறது. நடுவில் வார்டனின் காலில் குண்டு பட்டு அவர் நொண்டிக்கொண்டே மலையேறும் பகுதியும் எனக்குப் பிடிக்கும். காட்டில் கால் போனால் எல்லாம் போச்சு என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இனி மோசமானதுக்கு வருவோம்.

நிஜ ரயில்பாதை தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942-இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அங்கே கைதிகளின் உடுப்புக்கு என்ன ஆனது? மக்கிப்போனது. மழை, வியர்வை, சேறு மூன்றும் சேர்ந்து நூலை அரித்துவிட்டன. 1943-இல் 'எஃப் ஃபோர்ஸ்' என்ற பெயரில் சிங்கப்பூரிலிருந்து சுமார் 7,000 பேரை, நல்ல முகாமுக்குப் போகிறீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பான் போங்கில் இறக்கிவிட்டு, மழைக்காலத்தில், ராத்திரி ராத்திரியாகச் சுமார் 300 கிலோமீட்டர் நடக்கவைத்தார்கள். போய்ச் சேரும்போது பலர் காலில் ஒன்றும் இல்லை. அவர்களில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை.

பூட்ஸ் போனபின் மரக்கட்டையைச் செதுக்கிச் செருப்பாகப் போட்டுக்கொண்டார்கள். சட்டை போனபின் இடுப்பில் ஒரு முழத் துணி. நம் கோவணம் மாதிரிதான். வேலை மூங்கில் காட்டில். மூங்கில் சிராய் காலைக் கீறும். நமக்கு இங்கே கீறினால் மஞ்சள் வைத்துவிட்டு மறந்துவிடுவோம். வெறும் சோற்றைத் தின்று வைட்டமின் இல்லாமல் கிடந்த உடம்பில் அந்தக் கீறல் புண்ணாகி, புண் எலும்பு தெரியும் பள்ளமாகிவிடும். மருந்து இல்லாததால் மருத்துவர்கள் கரண்டியின் விளிம்பைக் கூராக்கி, மரத்துப்போகவைக்க ஒன்றும் இல்லாமல், அழுகிய சதையைச் சுரண்டி எடுத்தார்கள். முடியாதபோது காலையே வெட்டினார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு முழம் துணியும் ஒரு ஜோடி தோலும் இருந்திருந்தால் எத்தனை கால்கள் தப்பியிருக்கும்!

படத்தில் இந்தப் புண் இல்லை. கிழிந்த உடைகள் இருக்கின்றன, ஆனால் கிழிசலுக்குள் தெரியும் உடம்பு திடமாக இருக்கிறது. அதாவது வறுமை துணியில்தான், சதையில் இல்லை. நடிகர்களைப் பட்டினி போட முடியாது, தணிக்கை உண்டு, 1957-இல் குடும்பத்தோடு பார்க்கும் படம் என்பதெல்லாம் சரி. இதை நான் பெரிய குற்றமாகச் சொல்லவில்லை. என் புகார் வேறு.

கர்னல் நிக்கல்சனை எடுத்துக்கொள்வோம். சட்டைப்பையில் ஜெனிவா ஒப்பந்தம், கையில் ஒரு பிரம்பு. அதிகாரிகள் கூலிவேலை செய்யக்கூடாது என்ற விதிக்காகத் தகரக் கூண்டில் வெந்து கிடக்கிறார். அப்புறம் பாலத்தின் மேலேயே மோகம் வந்து, எதிரிக்கு நல்ல பாலமாகக் கட்டிக் கொடுக்கிறார். ஒழுங்கு, அணிவகுப்பு, மிடுக்கு எல்லாம் முற்றினால் பைத்தியம் என்பதுதான் படத்தின் கட்சி. கடைசியில் மருத்துவர் கிளிப்டன் வாயால் அதைச் சொல்லவும் வைத்துவிடுகிறார்கள்.

கதையாக இது பலமான கட்சி. பாலம் முடிந்த மாலையில் நிக்கல்சன் தன் 28 வருஷ உத்தியோகத்தை நினைத்துப் பேசிக்கொண்டே நிற்க, அந்தப் பிரம்பு கை நழுவி ஆற்றில் விழும். உடுப்பின் கடைசித் துணுக்கும் போய்விட்டது. அந்த ஒரு நொடிக்காகவே கின்னஸுக்கு எத்தனை விருது வேண்டுமானாலும் தரலாம்.

ஆனால் நிஜம் இதற்கு நேர் எதிர். தாமர்கான் முகாமில் நிஜப் பாலங்களைக் கட்டிய கைதிகளுக்கு மூத்த அதிகாரி பிலிப் டூசி. அவரும் ஒழுங்கு, சுத்தம் என்று கறாராக இருந்தவர்தான். ஆனால் அந்த ஒழுங்கு பாலத்துக்காக இல்லை, ஆட்களுக்காக. கக்கூஸை எங்கே தோண்டுவது, தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிப்பது, சோற்றை எப்படிப் பங்கிடுவது, காய்ச்சலில் கிடப்பவனை வேலைக்கு இழுக்கும்போது குறுக்கே நின்று அடிவாங்குவது. படத்தில் நிக்கல்சன் மருத்துவக் குடிசைக்குப் போய், லேசான வேலைதான் என்று சொல்லி நோயாளிகளைப் பாலத்துக்குக் கிளப்புகிறார். நிஜத்தில் நோயாளிகளைக் கிளப்பியது ஜப்பானியப் பொறியாளர்களும் காவலர்களும். தடுத்தவர்கள் மருத்துவர்களும் அதிகாரிகளும். குற்றத்தை எடுத்து, தடுத்தவன் தலையிலேயே கட்டிவிட்டது படம். உயிர்தப்பி வந்த கைதிகள் பலருக்கு இந்தப் படத்தின் மேல் கோபம் இருந்ததில் ஆச்சரியமே இல்லை. இன்னொரு பக்கம், பிரிட்டிஷ்காரன் வந்து சொல்லித்தராமல் ஜப்பானியனுக்குப் பாலம் கட்டத் தெரியாது என்பதும் வெறும் கற்பனை. அவர்களிடம் நல்ல ரயில்வேப் பொறியாளர்கள் இருந்தார்கள்.

சரி, ஒழுங்கு உயிரைக் காப்பாற்றியது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கூட்டம் அதே பாதையில், அதே மழையில் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு உடுப்பு கிடையாது. படத்திலும் இடம் கிடையாது.

அந்தப் பாதையில் வேலை செய்த போர்க்கைதிகள் 60,000-க்கும் கொஞ்சம் மேல். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் குறைந்தபட்சம் 1,80,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். பர்மியர்கள், மலாய்க்காரர்கள், ஜாவாக்காரர்கள், சீனர்கள். மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். இறந்தவர்கள் சுமார் 90,000 என்று ஒரு கணக்கு. சரியான எண் யாரிடமும் இல்லை. ஏனென்றால் யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. மூன்று மாச வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். ஆள் போதாதபோது பிடித்தே போனார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று ஜனங்களைக் கூட்டி, கதவைச் சாத்தி, ஆண்களை மட்டும் லாரியில் ஏற்றியதாகவும் சொல்லப்படுகிறது. ஒரு சினிமாவைப் பற்றி எழுதும்போது இதை எழுத வேண்டியிருப்பது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

இவர்கள் போனது கட்டியிருந்த வேட்டி, கைலியோடு. ஜப்பானிய ஆட்சியில் மலேயா முழுக்கத் துணிப்பஞ்சம். துணி நைந்தபோது சாக்கைக் கிழித்துச் சுற்றிக்கொண்டார்கள். சிப்பாய்க்குப் பூட்ஸ் போயிற்று என்கிறோம். இவர்களுக்குப் போவதற்கே ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் பூட்ஸைவிடப் பெரிய ஒரு சாமான் இவர்களிடம் இல்லை. உடுப்போடு சேர்ந்து வரும் ஏற்பாடு. தண்ணீரைக் கொதிக்கவை என்று உத்தரவு போட ஒரு மேலாள், புண்ணைச் சுரண்ட ஒரு மருத்துவர், செத்தால் பெயர் குறித்துக்கொள்ள ஒரு எழுத்தர். 1943-இல் காலரா வந்தபோது கைதிகள் முகாமிலும் சாவு, கூலி முகாமிலும் சாவு. கைதிகள் முகாமில் அதைப் பிடித்து நிறுத்த ஆள் இருந்தது. கூலி முகாம்களில் குடிசை குடிசையாகக் காலியானது.

இதைப் படித்த பிறகு நிக்கல்சனின் பிடிவாதத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வரவில்லை. அணியாக நில், எண்ணிக்கை சொல், பெயரைப் பதிவு செய். இந்த வறட்டு வழக்கங்கள் எல்லாம் ஒரு மனுஷனை எண்ணத் தகுந்தவனாக ஆக்கிவைக்கின்றன. இன்று காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், வரிசை பிசகாமல், அணிவகுப்பு மாதிரியே. செத்த பின்னும் உடுப்பு கூடவே வந்திருக்கிறது. அங்கே செத்த நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். இது ஒரு பிரிட்டிஷ் கர்னலின் பைத்தியத்தைப் பற்றிய கதை, அதில் தோட்டத் தமிழனை ஏன் தேடுகிறாய்? கதையில் இல்லாதவனுக்காகப் படத்தைக் குறைசொல்லலாமா? சொல்லக்கூடாது என்றுதான் பொதுவாக நானும் நினைப்பேன். ஒவ்வொரு படமும் எல்லோரையும் காட்ட வேண்டும் என்பது சட்டமில்லை. ஆனால் இங்கே விஷயம் வேறு. ஒழுங்கு வீண், அது கடைசியில் எதிரிக்குத்தான் உதவும் என்பது படத்தின் வாதம். அதைப் பொய்யாக்கும் சாட்சி அந்தக் கூலி முகாம்தான். அதைப் படத்துக்குள் விட்டால், நிக்கல்சன் முட்டாளாகவும் தெரிவார், தன் ஆட்களைக் காப்பாற்றியவராகவும் தெரிவார். கதை சிக்கலாகும், ஒருவேளை இன்னும் பெரிய படமாகவும் ஆகியிருக்கும். 161 நிமிஷத்தில் சயாமியப் பெண்கள் கமாண்டோக்களின் மூட்டையைச் சுமந்துகொண்டு அழகாக நடந்து வர இடம் இருக்கிறது. அதே பாதையில் மண் சுமந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர் குறுக்கே நடந்து போகக்கூட இடம் இல்லை.

நம் பக்கமும் கொஞ்சம் யோசிக்கலாம். ராணுவ உடுப்பு சேகரிப்பாளர்கள், ஆராய்ச்சியாளர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எந்த வருஷம் எந்தப் பொத்தான், எந்தத் தையல் என்று புட்டுப்புட்டு வைப்பார்கள். அவர்கள் புண்ணியத்தில்தான் இந்தக் கட்டுரையில் பாதியை என்னால் எழுத முடிந்தது. ஆனால் உடுப்பு இருந்தவர்களுக்கு மட்டும்தான் உடுப்பு வரலாறு உண்டு. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவல் எழுதினார். இந்தப் பக்கம் எத்தனை பேருக்கு அது தெரியும்? நமக்கும் இந்த ரயில்பாதை என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்த விசில்தானே.

படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். இன்னொரு தடவை நானே பார்ப்பேன். நீங்களும் பாருங்கள். முதல் காட்சியில் விசில் கேட்கும்போது முகத்தைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். பிய்ந்த பூட்ஸைக் காட்டிய அதே கேமரா, இன்னும் நாலடி தள்ளி வெறுங்காலையும் காட்டியிருக்கலாம்.